லூயின் டேவிஸ் எதனால் தோற்றான்?

ஒரு நாட்டுப்புறப் பாடகரை எவராவது எதற்காக அடிக்க வேண்டும்? அமெரிக்கத் திரைப்பட இயக்குநர்களான கோயன் சகோதரர்கள் ஜோயலுக்கும் ஈதனுக்கும் முதலில் தோன்றியது இந்தக் கேள்விதான். நியூயார்க்கின் கிரெனிச் வில்லேஜ், 1960களின் தொடக்கம், ஓர் இசைக்கூடத்தின் வாசலில் டேவ் வான் ராங்க் என்ற பாடகர் அடி வாங்குகிறார். கையில் இருந்தது இந்த ஒரு காட்சி மட்டுமே. அதிலிருந்து வளர்ந்து 2013இல் வெளிவந்ததுதான் 'இன்சைட் லூயின் டேவிஸ்' என்ற படம். கதை என்று சொல்ல இதில் ஒன்றுமில்லையே என்று நடுவில் அவர்களுக்கே கவலை வந்துவிட்டதாம். அதனால்தான் ஒரு பூனையை உள்ளே விட்டோம் என்று ஜோயல் பின்னால் பேட்டியில் சொன்னார். கான் விழாவில் இரண்டாம் பெரிய பரிசு இந்தப் படத்துக்குக் கிடைத்தது. ஆஸ்கரில் ஒளிப்பதிவுக்கும் ஒலிக்கலவைக்கும் பரிந்துரை மட்டும், விருது இல்லை.

ஒரு வாரக் கதை. 1961ஆம் ஆண்டின் குளிர்காலம். படத்தின் நாயகனான பாடகன் லூயினுக்கு வீடு கிடையாது. இன்று ஒரு பேராசிரியர் வீட்டுச் சோபா, நாளை நண்பன் ஜிம் வீட்டுத் தரை. அந்தக் குளிரில் ஒழுங்கான மேல்கோட்டு கூடக் கிடையாது. அவனோடு இணைந்து பாடிய மைக், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலிருந்து குதித்து இறந்துவிட்டான். தனியாகப் போட்ட இசைத்தட்டு விற்கவில்லை. ஜிம்மின் துணைவி ஜீன் கருவுற்றிருக்கிறாள். ஜிம்மா லூயினா என்று அவளுக்கே உறுதியில்லை. பேராசிரியர் வீட்டுப் பூனை இவன் கதவைத் திறந்த நேரம் பார்த்து வெளியே ஓடிவிடுகிறது. பாட்டைத் தவிர வேறு எதையும் இந்த மனிதனால் உருப்படியாகச் செய்ய முடியாது. ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் குறையே சொல்ல முடியாது. நடித்த ஆஸ்கர் ஐசக் தானே கிட்டார் வாசித்துப் பாடுகிறார். பாட்டுகள் பெரும்பாலும் படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பதிவானவை. கட்டைவிரல் ஓயாமல் தாளச் சுரங்களை மாற்றி மாற்றி மீட்ட, மற்ற விரல்கள் மேலே மெட்டைப் பின்னும் அந்த வாசிப்பை, வான் ராங்கோடு பழகிய ஒரு முதிய கலைஞரிடமே ஐசக் கற்றுக்கொண்டார்.

அப்படியிருக்க இவன் ஏன் தோற்கிறான்? துரதிர்ஷ்டம் என்பது ஒரு பதில். குணக்கேடு என்பது இன்னொரு பதில். இரண்டும் பொய்யில்லை. ஆனால் படத்தின் பின்னணியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு பார்த்தால் மூன்றாவதாக ஒன்று தெரிகிறது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

'நாட்டுப்புறப் பாடகர்' என்றால் தமிழில் நமக்கு வயலும் திருவிழாவும் நினைவுக்கு வரும்; அந்தப் பாட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒருவர் நினைவுக்கு வருவார். கிரெனிச் வில்லேஜின் பாடகர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் நகரத்துப் பிள்ளைகள். தென் மாநிலங்களின் மலையோரப் பாட்டுகளையும் கறுப்பின மக்களின் புளூஸையும் அவர்கள் கேட்டது இசைத்தட்டுகளில். ஹாரி ஸ்மித் என்பவர் 1920களிலும் 30களின் தொடக்கத்திலும் வெளிவந்த பழைய தட்டுகளிலிருந்து 84 பதிவுகளைத் தேர்ந்தெடுத்துத் தொகுத்தார். 1952இல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அதை வெளியிட்டது. அந்தத் தலைமுறைக்கு வேதம் அதுதான். படத்தில் கௌபாய் தொப்பியோடு வரும் ஆல் கோடியின் உண்மைப் பெயர் ஆர்தர் மில்கிரம் என்று லூயின் கண்டுபிடிக்கிறான். இது வெறும் நகைச்சுவை இல்லை. ராம்ப்ளிங் ஜாக் எலியட் என்று புகழ்பெற்ற கௌபாய்ப் பாடகர், எலியட் அட்நோபோஸ் என்ற பெயரில் புரூக்ளினில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். மினசோட்டாவிலிருந்து வந்த ராபர்ட் சிம்மர்மன் பாப் டிலன் ஆனதும் இதே தெருக்களில்தான்.

ஆக, இங்கே எல்லோரும் வேடம் கட்டியவர்கள். படத்தில் உண்மையிலேயே நாட்டுப்புறத்திலிருந்து வருகிறவர் ஒருவர்தான்: ஆர்கன்சாவிலிருந்து வந்து, மடியில் ஆட்டோஹார்ப் என்ற தந்தி வாத்தியத்தை வைத்துக்கொண்டு மேடையில் நடுங்கிப் பாடும் நடுத்தர வயதுப் பெண். குடிபோதையில் இருக்கும் லூயின் கேலி செய்து கத்துவது அவரைத்தான். மறுநாள் இரவு பின்சந்தில் அவனை அடிப்பது அந்தப் பெண்ணின் கணவர். முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நாட்டுப்புறப் பாடகனை அடிக்க நாட்டுப்புறத்து ஆள் ஒருவரே வந்துவிட்டார்.

அந்தக் காலத்துச் சந்தை எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1958இல் கிங்ஸ்டன் டிரியோ பாடிய 'டாம் டூலி' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரு பழைய கொலைப்பாட்டை மூன்று இளைஞர்கள் சட்டை கசங்காமல் பாடினார்கள். தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. நாட்டுப்புறப் பாட்டில் பணம் இருக்கிறது என்று பெரிய நிறுவனங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் அந்தப் பணம் கிரெனிச் வில்லேஜில் உள்ள மக்டூகல் தெருவின் கீழ்த்தளக் காபிக்கடைகளுக்கு இறங்கி வரவில்லை. அங்கே பல இடங்களில் பாடகருக்குச் சம்பளமே கிடையாது. கூடை ஒன்று மேசை மேசையாகச் சுற்றி வரும், விழுந்ததுதான் கூலி. லூயின் பாடும் கேஸ்லைட் கஃபே உண்மையில் இருந்த இடம். மக்டூகல் தெரு 116ஆம் எண். காற்றுக்குழாய் வழியே கைதட்டல் மேல்வீட்டாருக்குக் கேட்டுத் தூக்கம் கெடுகிறது என்பதால் அங்கே விரல்களைச் சொடுக்கித்தான் பாராட்டுவார்கள்.

ஃபோக்வேஸை நடத்திய மோ ஆஷ் விசித்திரமான மனிதர். ஒரு தட்டு ஆண்டுக்குப் பத்து விற்றாலும் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டார். அவரால்தான் பல அரிய குரல்கள் பிழைத்தன. அவருடைய மறைவுக்குப் பிறகு அந்தச் சேகரத்தை ஸ்மித்சோனியன் நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஆனால் கலைஞருக்குப் பணம் கொடுப்பதில் அவருக்குக் கை வராது. படத்தில் லெகசி ரெக்கார்ட்ஸ் முதலாளியாக வரும் கிழவர் மெல்லைப் பார்த்தால் அந்த உலகம் புரிந்துவிடும். லூயினுக்குச் சேர வேண்டிய தொகையைக் கேட்டால், குளிருக்கு என் கோட்டை எடுத்துக்கொள் என்று நாடகம் ஆடுகிறார்.

ஒரு பக்கம் பணமில்லாத பக்தி. இன்னொரு பக்கம் பக்தியில்லாத பணம். நடுவில் கிட்டாரோடு ஒருவன்.

படத்தைக் கணக்குப் புத்தகமாகவே வாசிக்கலாம். எனக்கு அப்படி வாசிக்கத்தான் பிடிக்கிறது. ஜீனின் கருக்கலைப்புக்குப் பணம் வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் அது சட்டபூர்வமானது 1970இல்தான். அதுவரை ரகசிய மருத்துவர், ரொக்கம். பணத்துக்காக லூயின் கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்குப் போய், விண்வெளிக்கு என்னை அனுப்பாதீர்கள் என்று கென்னடியிடம் கெஞ்சும் ஓர் அசட்டுப் பாட்டுக்கு வாசிக்கிறான். 200 டாலர் உடனே கிடைக்கும், ஆனால் உரிமைத்தொகையில் பங்கு கிடையாது என்ற தாளில் கையெழுத்துப் போடுகிறான். அந்தப் பாட்டு ஓடப்போகிறது என்பதற்கான அறிகுறிகள் படத்திலேயே தெரிகின்றன. பணத்தோடு மருத்துவரிடம் போனால், உங்களிடம் வாங்க வேண்டியதில்லை என்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு பெண்ணுக்காக லூயின் கட்டிய தொகை அப்படியே இருக்கிறதாம். அந்தப் பெண் கலைக்காமல் ஊருக்கே போய்விட்டாள். ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் தனக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை இருப்பதை அவன் தெரிந்துகொள்வது இப்படித்தான், ஒரு வரவு மீதியாக.

மிஞ்சிய பணம் எங்கே போகிறது? பாட்டை விட்டுவிட்டு அப்பாவைப் போலச் சரக்குக் கப்பலுக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்து, மாலுமிகள் சங்கத்தில் பாக்கிச் சந்தா 148 டாலரைக் கட்டுகிறான். கப்பலேற உரிமத்தாள் வேண்டும். அது அக்கா வீட்டில் ஒரு பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டியைக் குப்பையில் போடச் சொன்னது அவனே. மாற்று உரிமத்துக்குக் கையில் காசில்லை. கட்டிய சந்தா திரும்ப வராது. விதி என்று பெருமூச்சு விடத் தோன்றும் இடம். ஆனால் கோயன்கள் விதியைக் காட்டவில்லை, ரசீதுகளைக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு தப்பும் அந்த நேரத்தில் நியாயமான முடிவாகத்தான் இருக்கிறது. உடனடிக் காசு வேண்டியவனுக்கு உரிமைத்தொகை எதற்கு?

இனி சிகாகோ. கப்பலுக்குத் திரும்ப முடிவெடுப்பதற்கு முன், வாய்ப்புத் தேடி லூயின் அங்கே போகிறான். இந்தப் பகுதியின் வேர் டேவ் வான் ராங்கின் வாழ்க்கையில் இருக்கிறது. 1936இல் புரூக்ளினில் பிறந்த வான் ராங்க், சிறிது காலம் வணிகக் கப்பலில் வேலை பார்த்தவர். வில்லேஜில் அவருக்கு 'மக்டூகல் தெருவின் மேயர்' என்றே பெயர். எலைஜா வால்டுடன் சேர்ந்து அவர் எழுதிய தன்வரலாறு, அவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் 2005இல் அந்தப் பட்டப்பெயரிலேயே வெளிவந்தது. சிகாகோவின் 'கேட் ஆஃப் ஹார்ன்' அரங்குக்குப் போய், இசை முகவர் ஆல்பர்ட் கிராஸ்மன் முன்னால் பாடிக்காட்டி, வாய்ப்பில்லாமல் திரும்பியதை அதில் சொல்லியிருக்கிறார். படத்தில் ஆல்பர்ட் கிராஸ்மன் பட் கிராஸ்மன் ஆகிறார். அரங்கின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. ஹோமரின் 'ஒடிசி'யில் மெய்யான கனவுகள் வரும் வாயிலுக்கு அந்தப் பெயர். காணாமல் போய் வீடு திரும்பும் பூனைக்கு அந்தக் காவிய நாயகனின் பெயரான யுலிசிஸ் என்று பெயர் வைத்தவர்கள் இதைக் கவனித்திருக்க மாட்டார்களா என்ன?

ஆளில்லாத அரங்கு. மங்கிய வெளிச்சம். எதையாவது பாடு என்கிறார் கிராஸ்மன். வாழ்க்கையை மாற்றக்கூடிய அந்த நிமிடத்தில் லூயின் தேர்ந்தெடுப்பது 'குயின் ஜேனின் மரணம்'. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்த 305 கதைப்பாட்டுகளில் 170ஆவது. எட்டாம் ஹென்றியின் மனைவி ஜேன் சீமோர் 1537இல் ஆண்பிள்ளை பெற்று 12 நாளில் இறந்துபோனார். பாட்டிலோ பிரசவ வேதனை தாங்காத அரசி, என் விலாவைக் கிழித்துப் பிள்ளையை எடுங்கள் என்று மன்றாடுகிறாள். ஒரு கருவைக் கலைக்கப் பணம் தேடி, பிறந்துவிட்ட இன்னொரு குழந்தையைப் பற்றி அப்போதுதான் அறிந்தவன் பாடுகிறான் இதை. இசையே இல்லாமல் கடைசி அடியைத் தனிக்குரலில் முடிக்கிறான். கிராஸ்மன் கொஞ்சம் யோசித்துவிட்டு, இதில் பெரிய பணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை என்கிறார்.

அந்த வாக்கியத்துக்காக அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. நான் திட்ட மாட்டேன். அவர் சொன்னது மிகச் சரி. ஆள் மோசமில்லை என்றும் அவருக்குத் தெரிகிறது. இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணுமாக மூவர் குழு ஒன்று சேர்க்கிறேன், தாடியைக் குறைத்துக்கொண்டு அதில் சேர்ந்துகொள் என்று வழியும் காட்டுகிறார். நிஜ கிராஸ்மன் அப்படி ஒரு குழுவைச் சேர்த்தார்: பீட்டர், பால் அண்டு மேரி. 1962இல் வந்த அவர்களுடைய முதல் தட்டு அமெரிக்காவைக் கலக்கியது. அந்த மூன்றாவது இடத்துக்கு வான் ராங்கின் பெயரும் ஒரு கட்டத்தில் அடிபட்டதுண்டு. லூயின் மறுக்கிறான். எனக்கு ஒரு துணைப்பாடகன் இருந்தான் என்கிறான். அப்படியானால் அவனோடு மறுபடி சேர்ந்துகொள் என்கிறார் கிராஸ்மன், அவன் செத்தது தெரியாமல். நல்ல யோசனை, நன்றி என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறான்.

திரும்பும் வழியில், பனி கொட்டும் இரவில், ஆக்ரனுக்குப் பிரியும் சாலை வருகிறது. நகரத்தின் விளக்குகள் தூரத்தில் தெரிகின்றன. பார்க்கிறான், வண்டியைத் திருப்பவில்லை. புரூனோ டெல்போனலின் ஒளிப்பதிவு சாம்பலும் பச்சையும் கலந்த ஈரக் குளிர். பாப் டிலனின் இரண்டாவது தட்டின் உறையில், சகதியாகிப்போன பனித்தெருவில் அவர் நடந்து வரும் புகைப்படம்தான் இந்த நிறத்துக்கு மாதிரி.

டிலன் பெயர் வந்துவிட்டது. மூன்றாவது பதிலுக்கு இதுதான் இடம்.

லூயின் பாட்டு எழுதுவதில்லை. படம் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை, கவனித்தால்தான் தெரியும். எப்போதும் புதிதாக இருந்ததில்லை, எப்போதும் பழையதாவதுமில்லை, அதுதான் நாட்டுப்புறப் பாட்டு என்று முதல் காட்சியிலேயே மேடையில் சொல்கிறான். அது அவனுடைய கொள்கை. ஏற்கெனவே இருக்கும் பாட்டைத் தன் குரலில் மறுபடி உயிர்ப்பிப்பதே பாடகனின் வேலை. வான் ராங்கும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் லூயினைச் சுற்றியிருப்பவர்களைப் பாருங்கள். இராணுவத்திலிருந்து வரும் டிராய் நெல்சன், கிராஸ்மனுக்குப் பிடித்த பையன். அவனுக்கு மாதிரி நிஜப் பாடகர் டாம் பாக்ஸ்டன், படத்தில் அவன் பாடுவதும் பாக்ஸ்டன் எழுதிய பாட்டு. அவனும் ஜிம்மும் ஜீனும் சேர்ந்து பாட, கூட்டமே கூடப் பாடும் 'ஐந்நூறு மைல்', ஹெடி வெஸ்ட் என்ற இளம்பெண் பழைய துண்டுகளிலிருந்து ஆக்கியது. மாலுமிகளின் முதியோர் இல்லத்தில், பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு லூயின் பாடிக்காட்டும் ஹெர்ரிங் மீன் பாட்டு இன்னும் வேடிக்கை. எட்டு வயதில் பாடிப் பதிந்த பாட்டு என்று படம் சொல்கிறது. ஆனால் இவான் மக்கோல் பி.பி.சி. வானொலிக்காக அதை எழுதியது 1960இல்தான். காலப்பிழை. இருந்தாலும் அந்தப் பிழையே ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது: பழையது போலவே ஒலிக்கும் புதுப்பாட்டை எழுதக்கூடியவர்கள் வந்துவிட்டார்கள்.

டிலன் நியூயார்க்குக்கு வந்தது 1961 ஜனவரியில். செப்டம்பர் 29 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் ராபர்ட் ஷெல்டன் எழுதிய பாராட்டுக் கட்டுரை அவரை ஒரே நாளில் ஊரறியச் செய்தது. அது கெர்டீஸ் ஃபோக் சிட்டியில் நடந்த கச்சேரி பற்றியது. படம் குளிர்காலத்துக்கும் கேஸ்லைட்டுக்கும் அதை நகர்த்திக்கொள்கிறது. வந்த புதிதில் டிலன் வான் ராங்க் வீட்டுச் சோபாவில் படுத்தவர்களில் ஒருவர். 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' பாட்டுக்கு வான் ராங்க் அமைத்திருந்த இசையை எடுத்துத் தன் முதல் தட்டில் பாடிவிட்டார். நானே பதிவு செய்வதாக இருந்தேனே என்று வான் ராங்க் குமுறியதெல்லாம் தெரிந்த கதை.

வான் ராங்கின் முன்னாள் மனைவி டெர்ரி தால் உட்பட, அந்த உலகை அறிந்தவர்கள் சிலர் இந்தப் படத்தின்மீது கோபப்பட்டார்கள். கோபத்தில் நியாயம் உண்டு. வான் ராங்க் எல்லோரையும் அரவணைத்த மனிதர், தீவிர இடதுசாரி. படத்தில் அரசியல் ஏறக்குறைய இல்லை. 1961 ஏப்ரலில் வாஷிங்டன் சதுக்கத்தில் பாடுவதற்குத் தடை போட்டதை எதிர்த்துப் பாடகர்களும் போலீசும் மோதியதன் சாயல்கூட இல்லை. லூயினிடம் இருப்பது வான் ராங்கின் பாட்டுகளும் பயணமும் மட்டும். குணத்தைக் கோயன்கள் எடுத்துக்கொள்ளவில்லை. வான் ராங்க் கடைசிவரை வில்லேஜிலேயே வாழ்ந்தார், பலருக்குக் கிட்டார் கற்றுக்கொடுத்தார், 2002இல் மறைந்தார். ஷெரிடன் சதுக்கத்தில் ஒரு தெருத்துண்டுக்கு இன்று அவர் பெயர்.

படத்தின் கடைசிக்கு வருவோம். முதல் காட்சி திரும்ப வருகிறது, சிறு மாற்றங்களோடு. இம்முறை பேராசிரியர் வீட்டிலிருந்து கிளம்பும்போது பூனை வெளியே ஓடாமல் காலால் தடுத்துவிடுகிறான். மேடையில், இறந்துபோன நண்பன் மைக்கோடு முன்பு சேர்ந்து பாடிய 'ஃபேர் தீ வெல்' பாட்டைத் தனியாகப் பாடுகிறான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெக்சஸின் பிராசோஸ் ஆற்றங்கரை முகாமில் துணி துவைத்துக்கொண்டிருந்த டிங்க் என்ற பெண்ணிடமிருந்து ஜான் லோமாக்ஸ் சேகரித்த பாட்டு அது. பிரியும் பாட்டு. எழுதியவர் பெயரில்லை; டிங்கின் முழுப்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

இறங்கிப் பின்வாசலுக்குப் போகிறான். மேடையில் அடுத்தவன் ஏறிவிட்டான். சுருட்டைமுடி, மூக்கால் பாடும் குரல். அவன் பாடுவதும் பிரியும் பாட்டு: டிலனின் 'ஃபேர்வெல்'. லிவர்பூல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் மாலுமிகளின் பழைய பாட்டு ஒன்றின் மெட்டையும் கட்டமைப்பையும் எடுத்துக்கொண்டு டிலன் தன் சொற்களை இட்டு எழுதியது. அதே கிணறு, அதே தண்ணீர். முன்னவன் குடத்தில் மொண்டு கொடுத்தான். பின்னவன் அந்தத் தண்ணீரைத் தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொண்டான். இந்த இரவுக்குப் பிறகு நாட்டுப்புறப் பாடகர் என்றால் தானே எழுதிப் பாடுகிறவர் என்றாகிவிடும். எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அடுத்தவர் பாட்டைப் பாடுகிறவர் பழைய ஆள். லூயினை யாரும் வெல்லவில்லை. தொழிலின் விதி மாறிவிட்டது, அவன் உள்ளே இருக்கும்போதே.

அவனுக்கு அது தெரியாது. வாசலில் ஒரு கணம் நின்று கேட்கிறான், பிறகு சந்துக்குப் போய் அடி வாங்குகிறான். அடித்தவர் டாக்சியில் ஏறிப் போகிறார். சுவரைப் பிடித்துத் தெருமுனைவரை தள்ளாடி வந்து, போகும் வண்டியைப் பார்த்துப் பிரெஞ்சில் சொல்கிறான்: ஓ ரெவுவார். மறுபடி சந்திப்போம் என்று பொருள்.